பேய்க்கு நாடு கிடையாது

அம்சவேணி அக்கா எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று எழுத உட்கார்ந்தால் ஒரு குயர் நோட்டு போதாது. குக்கர் விசில் அடித்தால் வாசலுக்கு ஓடிவிடுவாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். வாலைப் பிடித்துத் தூக்கிய பாம்பு மாதிரி அதை இரண்டு விரலில் பிடித்து என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாள். நாமக்கல் பஸ்ஸில் ஏறினால் மலைச்சாலையின் எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை கண்ணைத் திறக்க மாட்டாள். ஊர்க்கவுண்டர் தெருமுனையில் செருமினால் இங்கே இவள் கையில் இருக்கும் பாத்திரம் நழுவும்.

இப்படிப்பட்டவள்தான் தலையில் மலைவாழைக் கூடையோடு, காட்டுத்தடத்தில் தன்னந்தனியாக நாலு மணி நேரம் நடந்து புளியஞ்சோலைக்கு இறங்குவாள். அங்கே அருவிக்குக் குளிக்க வருகிறவர்களிடம் பழத்தை விற்றுவிட்டு அதே தடத்தில் ஏறி வருவாள். எனக்கு இது புரியவே இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பஸ்ஸ அடுத்தவன் ஓட்டறானுங்க டீச்சர். காலு என்றதுதானுங்க” என்றாள்.

நான் இந்த மலைக்கு மாற்றலாகி வந்து எட்டு வருடம் ஆகிறது. பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை. அக்கா வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அக்காவின் புருஷன் சின்னுசாமி குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். நல்லது கெட்டதுக்கு வந்து போவார். ஒரே மகன் பிரேம் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். இரண்டு வருடமாக மருமகள் சுஜிதா. வீட்டில் அவ்வளவுதான் ஆள்.

நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்க எந்த நாடுங்க?” என்பதுதான்.

“நாமக்கல்” என்றேன்.

“அது கீழீங்க. நாடு எதுன்னு கேட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாவட்டத் தலைநகரத்தை ஒரே சொல்லில் ‘கீழ்’ என்று தள்ளிவிட்டாளே! பிறகுதான் பழகியது. இவர்களுக்கு மலை மேல் இருப்பதுதான் நாடு. ஒன்று இரண்டு இல்லை, பல நாடுகள். பெரக்கரை அதில் ஒன்று. மலையை விட்டு இறங்கிவிட்டால் அப்புறம் சென்னையாக இருந்தாலும் டெல்லியாக இருந்தாலும் எல்லாம் கீழ். ‘கொல்லிமலை’ என்பதே கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள் சொல்லும் பெயர். மேலே இருப்பவர்களுக்கு மலை எங்கே தெரிகிறது? காலுக்கடியில் அல்லவா கிடக்கிறது.

தங்கள் ஊருக்கு அவர்கள் சொல்லும் பெயரும் போகிற தூரத்தைப் பார்த்து மாறும். சொந்த ஊருக்குள் என்றால் இன்னார் வளவு, அதாவது இன்னார் வீட்டு முற்றம், என்பார்கள். பக்கத்து ஊரில் கேட்டால் ஊர்ப் பெயர். செம்மேட்டுச் சந்தையில் கேட்டால் பெரக்கரை நாடு. நாமக்கல் ஆபீஸில் கேட்டால் கொல்லிமலை. குடகில் சின்னுசாமியைக் கேட்டால் நாமக்கல் என்பாராம், எந்த நாமக்கல்லை அவர் மனைவி எனக்குக் கீழ் என்று சொன்னாளோ அதே நாமக்கல். வீட்டை விட்டுத் தள்ளிப் போகப்போக மனிதன் தன் பெயரைப் பெரிதாக்கிக்கொள்கிறான் போலும். யாரும் இல்லாத இடத்தில் சின்னப் பெயர் போதாது, பயமாக இருக்கும்.

ஆனால் அக்காவின் நாட்டுப் பெயருக்கு வேறொரு வேலையும் இருந்தது.

காட்டுத்தடத்தில் கால்வாசி வழிக்குள்ளேயே ஒரு பள்ளம் இருக்கிறது. வீட்டிலிருந்து இறங்கினால் முக்கால் மணி நேரம். நிமிர்ந்த பாறைகளுக்கு நடுவே ஓடை விழும் இடம். வெயில் காலத்தில் கணுக்கால் நனையாது. மேலே மழை பெய்தால் அரை மணியில் யானை உயரத்துக்குத் தண்ணீர் வரும். அந்த இடத்தில் யாராவது கூப்பிட்டால், “ஆரது? எந்த நாடு?” என்று கேட்க வேண்டும். கேட்டு, பதிலில் நாட்டின் பெயர் வந்தால்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். மலை முழுக்க இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அக்கா வீட்டிலும், அந்தத் தடத்தில் நடக்கிற நாலைந்து குடும்பங்களிலும் உண்டு.

“அதுக்கு நம்ம பேரு தெரியும் டீச்சர். அம்மான்னு கூப்புடும், அக்கான்னு கூப்புடும். நம்ம ஊட்டாளுங்க குரல்லயே கூப்புடும். ஆனா நாடு கேட்டா அதுனால சொல்ல முடியாது. பேய்க்கு ஏதுங்க நாடு? மனுசனுக்குத்தான் நாடு.”

“அப்ப ஆதார் கார்டு கேட்டுப் பாருங்களேன்” என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அண்ணன் அர்த்தனாரியின் கதையைச் சொன்னாள். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணனும் தங்கையும் கீழே போய்விட்டுத் திரும்பும்போது பள்ளத்துக்குள்ளிருந்து “அண்ணா” என்று ஒரு குரல் கேட்டதாம். தங்கை பக்கத்தில் நிற்கும்போதே தங்கையின் குரல். அண்ணன் நாடு கேட்கவில்லை. யாரோ பிள்ளை விழுந்துவிட்டது என்று இறங்கினார். மேலே எப்போதோ பெய்த மழைத் தண்ணீர் அந்த நேரம் பார்த்து வந்தது. மூன்றாம் நாள் அவரைப் புளியஞ்சோலையில் எடுத்தார்கள்.

நான் படித்தவள். பாறை இடுக்கில் எதிரொலி, காட்டாற்று வெள்ளம் என்று விளக்கம் சொல்லியிருப்பேன். அக்காவின் கண்ணைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

சுஜிதாவின் கதைக்கு வருகிறேன். அவள் புளியஞ்சோலைப் பக்கத்து விவசாயி சாமியப்பனின் மகள். பிரேம் மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கப் போன இடத்தில் பார்த்துப் பழகி, துறையூரில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்து, ஒரு சாயங்காலம் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்து அழைத்து வந்தான். அக்கா ஆரத்தித் தட்டைத் தூக்கினாள். பாதி நீர் தரையில் சிந்தியது. ஊர் என்ன சொல்லுமோ என்று பயம்.

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஊர்க்கவுண்டர் வந்து, “இருக்கட்டும். நாட்டுல சேத்துக்கறதப் பத்திக் கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் போடவே இல்லை. அவள் வீட்டில் சமைக்கலாம், காட்டில் களை எடுக்கலாம். கோயில் பொங்கலில் மட்டும் அவள் பானை தனியாக, தள்ளி.

போன ஆடித் திருவிழாவில் பக்கத்து நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் சுஜிதாவைப் பார்த்து, “நீ எந்த நாடு கண்ணு?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். சுஜிதாவும் சிரித்துக்கொண்டே, “பெரக்கரை நாடுங்க” என்றாள்.

சுற்றி இருந்த பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் வீட்டு அம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு வேர்த்துவிட்டது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அதெல்லாம் நீ சொல்லக் கூடாது கண்ணு. நீ இன்னும் எங்க நாடு ஆவல” என்று சொல்லிவிட்டாள்.

நான் அங்கே இருந்தேன். ஏதாவது பேசியிருக்கலாம். வெளியூர்க்காரி நமக்கெதற்கு வம்பு என்று பொங்கலைச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் சுஜிதாவின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பார்க்கப் போனாள். சாமியப்பன் கேட்டைத் திறக்கவில்லை. “மலைக்குப் போனவ மலையிலயே இரு. எங்கூருப் பேர எங்கயும் சொல்லிக்கிட்டுத் திரியாத” என்றாராம். திரும்பி வந்து என்னிடம்தான் சொன்னாள். அழவில்லை. சுவரில் ஒரு எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஐப்பசி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்று விடியும்போது வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். பிரேம் செம்மேட்டுக்கு லோடு ஏற்றப் போயிருந்தான். பதினோரு மணிக்கு மேல் மேகம் கூடியது. பன்னிரண்டுக்கெல்லாம் எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டது.

சுஜிதா என் அறை வாசலில் வந்து நின்றாள். “டீச்சர், அத்தை குடை எடுத்துக்காம போய்ட்டாங்க. உங்க குடையும் குடுங்க, பாதி வழி வரைக்கும் போய்க் குடுத்துட்டுக் கூட்டிட்டு வந்துர்றேன்.”

“மழை வரும்போல இருக்கு, நீ எதுக்கு?”

“அத்தைக்கு இடின்னா பயமுங்க” என்றாள்.

நான் குடையை எடுத்துக் கொடுத்தேன். போகாதே என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் போனாள்.

மழை பிடித்தது. எங்கள் பக்கம் சுமாராகத்தான் பெய்தது. மேலே, சோளக்காடு ஊர்ப் பக்கம், கறுப்பாக இருந்தது. மூன்று மணி இருக்கும், தடத்தின் பக்கமிருந்து யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் அம்சவேணி அக்கா. கூடை இல்லை, தலைச்சும்மாடு இல்லை. உடம்பெல்லாம் சேறு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

“கூப்புட்டுருச்சு டீச்சர். என்னையுங் கூப்புட்டுருச்சு.”

“எது அக்கா?”

“பள்ளத்துல. அத்தைன்னு கூப்புட்டுச்சு. மூணு தடவ. சுஜிதா குரலுங்க, அச்சு அசலா அவ குரலு. அவளத்தான் ஊட்ல உட்டுட்டு வந்தேனே, அவ எப்படி அங்க வருவா? அதனாலதாங்க எனக்கு உசுரே போயிருச்சு. எந்த நாடுன்னு கேட்டேன். பதிலே இல்ல. மறுக்காவும் கேட்டேன். ஒண்ணுஞ் சொல்லல. கூடையப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திறந்து கிடந்த தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். அடுப்படியில் புகை இல்லை. வாசலில் சுஜிதாவின் செருப்பு இல்லை.

“சுஜிதா எங்கீங்க டீச்சர்?”

“உங்களுக்குக் குடை எடுத்துக்கிட்டுத் தடத்துலதான் வந்தா அக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.”

அக்கா திரும்பி, வந்த தடத்திலேயே ஓட ஆரம்பித்தாள். நான் எதிர்வீட்டுப் பாப்பாயியைக் கூப்பிட்டு, ஆம்பிளைகளைக் கயிறும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அவள் பின்னாலேயே ஓடினேன்.

எட்டு வருடத்தில் அந்தத் தடத்தில் நான் இறங்கியது அதுதான் முதல் முறை. மூடுபனியில் அக்காவின் பச்சைச் சேலை தெரியும், மறையும். எத்தனை முறை வழுக்கி உட்கார்ந்தேன் என்று கணக்கில்லை. கூடவே ஒரு எண்ணம் என்னை அரித்துக்கொண்டே வந்தது: அண்ணனை எடுத்ததுபோல மூன்றாம் நாள் புளியஞ்சோலையில். அதுவும் அவளுடைய அப்பன் ஊர்ப் பக்கத்தில். அப்போதாவது கேட்டைத் திறப்பாரா?

பள்ளம் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. கத்திப் பேசினால்தான் கேட்கும் என்ற அளவுக்கு இரைச்சல். தடத்தில் விற்காமல் மீந்த வாழைப்பழங்கள் சிதறிக் கிடந்தன. கூடை ஒரு செடியில் மாட்டி நின்றது. அதைத் தாண்டி ஓரத்தில் மண் சரிந்து, யாரோ சறுக்கிப் போன தடம் நீளமாகக் கீழே இறங்கியது. பனியில் கீழே தண்ணீர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

“சுஜிதா!” என்று கத்தினேன். இரைச்சல்தான்.

அக்கா கத்தினாள். “சுஜிதா! கண்ணு!”

பிறகு கீழே எங்கிருந்தோ, ஊசி முனை அளவுக்கு, “அத்தை…” என்று வந்தது.

நான் இறங்கக் கால் வைத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் எலும்பு வலித்தது. அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பது வயதில் எதைப் பார்த்ததோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“போவாதீங்க. நாடு கேக்காம எறங்கக் கூடாதுங்க. எங்கண்ணனும் இப்படித்தான் எறங்குனான்.”

“அது சுஜிதா அக்கா! விடுங்க!”

“தெரியுதுங்க. தெரியுதுங்க. ஆனாலும் கேக்கோணும்.” பள்ளத்தைப் பார்த்துக் கூவினாள். “ஆரது? எந்த நாடு?”

பதில் இல்லை.

“எந்த நாடு?”

பதில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அக்காவை அறைந்திருப்பேன். தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. காப்பித்தண்ணி நிறத்தில் சருகும் குச்சியும் வரத் தொடங்கிவிட்டன. மேலே பெய்தது கீழே வருகிறது என்று எனக்கே தெரிந்தது. அந்த நேரத்தில்தான் அந்தக் குரல் மறுபடி வந்தது. விட்டுவிட்டு, தண்ணீரை விழுங்கிவிட்டுப் பேசுகிற மாதிரி.

“அத்தை… நான் சொல்லலாமுங்களா?”

அக்காவின் கை என் முழங்கையிலிருந்து நழுவியது.

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருத்தி அனுமதி கேட்கிறாள். உயிரைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. சொல்லலாமா என்று கேட்கிறாள். என் ஆயுசுக்கும் அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் கேட்கப்போவதில்லை.

“சொல்லு சாமி!” என்று அக்கா அலறினாள். “பெரக்கரைன்னு சொல்லு! உன்ற நாடுதான் கண்ணு! பெரக்கரை நாட்டு சுஜிதா! பெரக்கரை நாட்டு சுஜிதா!”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கத்திக்கொண்டே அந்தச் சறுக்கலில் உட்கார்ந்தவாக்கில் இறங்கிவிட்டாள். குக்கர் விசிலுக்கு ஓடுகிறவள். நான் வேரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் இறங்கினேன்.

சுஜிதாவின் இடது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்காலுக்குக் கீழே சிக்கியிருந்தது. விழுந்தபோது தண்ணீர் கணுக்கால் அளவு இருந்ததாம். இப்போது நெஞ்சைத் தாண்டி, அலை அடிக்கும்போதெல்லாம் வாய்க்குள் போனது. என்னுடைய குடையை இரண்டு கையாலும் பாறையில் குத்தி ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம். அக்கா தண்ணீருக்குள் இறங்கி, அவளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். நான் பாறையை அசைத்துப் பார்த்தேன். அது ஏன் எனக்காக அசையப் போகிறது? தண்ணீருக்கு அடியில் தடவித் தடவி அவள் காலைச் சுற்றியிருந்த கல்லையும் சருகையும் அள்ளி எறிந்தேன். எறிய எறியத் தண்ணீர் கொண்டுவந்து அடைத்தது.

ஆட்கள் வர எவ்வளவு நேரம் ஆனது என்று என்னால் சொல்ல முடியாது. கால் மணி என்றார்கள். அந்தக் கால் மணியில் தண்ணீர் சுஜிதாவின் மோவாய்க்கு வந்துவிட்டது. அக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து, முகத்தை வானத்துக்குத் திருப்பிப் பிடித்திருந்தாள். அப்படிப் பிடித்துக்கொண்டே கேட்டாள், ஏன் சாமி அப்பவே சொல்லல, அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எறங்கி வந்திருப்பனே என்று.

“மேலூருப் பேரு சொல்லக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க” என்றாள் சுஜிதா. குளிரில் சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. “கீழூருப் பேரு சொல்லாதேன்னு எங்கப்பா சொன்னாரு. நீங்க நாடு கேட்டப்ப… எதச் சொல்றதுன்னு தெரியலீங்கத்தை. யோசிச்சுட்டு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்க. உங்க பச்சச் சேல போறது தெரிஞ்சுச்சு.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்க்கத் தைரியம் இல்லாமல் தண்ணீருக்குள் கையை விட்டுக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பாப்பாயியின் புருஷனும் இன்னும் மூன்று பேரும் கயிறோடு இறங்கினார்கள். கடப்பாரையை இடுக்கில் விட்டு இரண்டு பேர் தொங்க, பாறை ஒரு விரல்கடை நகர்ந்தது. கால் வந்தது. எங்களை மேலே இழுத்துப் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு பெரிய மரம் வேரோடு அந்த இடத்தில் வந்து மோதி நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். பிரேம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். நான்காம் நாள் சுஜிதாதான் அவனைத் திட்டி, அத்தைக்குக் காப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பிய அன்றே அக்கா ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அவர் எதிரில் அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“கவுண்டருங்க, நான் என்ற மருமகளப் பேரு சொல்லி, நாடு சொல்லிக் கூப்புட்டுட்டேனுங்க. பள்ளத்துல வச்சுச் சொல்லிட்டேன். நீங்க எப்பக் கூட்டம் போட்டாலும் போடுங்க. சொன்னது சொன்னதுதானுங்க” என்றாள். பதிலை எதிர்பாராமல் வந்துவிட்டாள். கூட்டம் இன்னும் போடவில்லை. தைப்பொங்கலுக்கு அக்கா தன் பானையையும் மருமகள் பானையோடு கொண்டுபோய்த் தள்ளி வைத்தாள். பாப்பாயி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பானையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் வரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சுஜிதா குச்சி ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். மூன்று பேரும் தடத்தில் கொஞ்ச தூரம் போய் வரலாம் என்று கிளம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளத்தருகே வரை போய்விட்டோம். நல்ல வெயில். ஓடையில் ஒரு கைப்பிடித் தண்ணீர்தான். பள்ளத்துக்கு முந்தைய திருப்பத்தில் அக்கா முன்னால் போய்ப் பாறைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டாள். அங்கிருந்து அவள் குரல் வந்தது.

“பின்னால வாரது ஆரு? எந்த நாடு?”

தடத்தில் இறங்கும்போதெல்லாம் இப்போது இப்படித்தான் கேட்கிறாளாம். தெரிந்த ஆள், பட்டப்பகல், பத்தடி தூரம். ஆனாலும் கேட்கிறாள்.

சுஜிதா நின்றாள். குச்சியை மண்ணில் ஊன்றினாள். வாயைத் திறந்தவள், உடனே சொல்லவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தமும் நின்றுபோனது. ஓடைத் தண்ணீர் கூழாங்கல்லில் உருளும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“பெரக்கரை நாடுங்கத்தை” என்றாள் சுஜிதா.

நாங்கள் திருப்பத்தைத் தாண்டிப் போனபோது அக்கா பாறையில் சாய்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. சுஜிதா அவளைத் தாண்டி முன்னால் நடந்தாள்.

“கேக்காம இருந்தா என்னக்கா?” என்றேன்.

“இருக்க முடியலீங்க டீச்சர். கேட்டுட்டு, அவ சொல்ற வரைக்கும் ஒரு நொடி ஆவுது பாருங்க” என்றாள் அக்கா. “அந்த ஒரு நொடியில நான் திரும்பவும் ஓடிட்டிருக்கேனுங்க.”